பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது!

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் தமிழைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: இங்கே குடிவந்து பத்து மாதம் ஆகிறது. ஐந்து வயது மகளுக்கு நாங்கள் பேசுவது எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது. ‘தமிழ்ல சொல்லு’ என்றால் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். (மெல்பர்ன்)

உங்கள் மகள் போட்டிருக்கும் கணக்கு சரியான கணக்குதான். எந்த மொழியில் கேட்டாலும் வீட்டில் தோசை கிடைக்கிறது. எனவே நாள் முழுக்கப் பள்ளியில் புழங்கிய மொழி முதலில் நாக்கில் வருகிறது. தமிழ் வார்த்தை உள்ளே இருக்கிறது, தேடி எடுக்க இரண்டு நொடி கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவே. தேடும் தேவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுவும் அதட்டாமல்.

இருமொழிக் குடும்பங்களை நார்வேயில் ஆராய்ந்த எலிசபெத் லான்சா, பிள்ளை மொழி மாறும்போது பெற்றோர் கொடுக்கும் பதில்களை ஐந்து வகையாகப் பிரித்தார். புரியாததுபோல ‘என்ன?’ என்று கேட்பது. அவள் சொன்னதை ஊகித்துத் தமிழில் கேட்பது. சரியான வாக்கியத்தை நாமே தமிழில் திருப்பிச் சொல்வது. கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது. நாமும் அந்த மொழிக்கே மாறிவிடுவது. பட்டியலில் கீழே போகப் போக வீட்டு மொழி தளரும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது நான்காவதும் ஐந்தாவதும்.

ஐந்து வயதுக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவது வகை, ஒரு சின்ன மாற்றத்தோடு. ‘ஜூஸ் வேணுமா?’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். ‘ஜூஸா, மோரா?’ என்று கேளுங்கள். ஒரு வார்த்தையாவது வாயிலிருந்து வந்தாக வேண்டும். ஒரு வார்த்தை பழகியதும் ‘எதுல ஊத்தட்டும்? எவ்வளவு?’ என்று நீட்டுங்கள். அழும்போதும், அடிபட்டபோதும், பள்ளியில் நடந்ததை மூச்சு வாங்கச் சொல்லும்போதும் இதைச் செய்யாதீர்கள். அப்போது அவள் இங்கிலீஷில் சொல்லட்டும், நீங்கள் தமிழிலேயே கேளுங்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி ‘மாமாவுக்குத் தமிழ்ல பேசிக் காட்டு’ என்பதையும், தப்பாகச் சொன்னால் ‘எவ்ளோ க்யூட்!’ என்று சிரிப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். பிள்ளை வாய் மூடுவதற்கு இவை இரண்டும் போதும்.

கூடவே ஒரு சோதனை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அரைமணி நேரத்தை போனில் பதிவு செய்து, நீங்கள் பேசியதை மட்டும் கேட்டுப் பாருங்கள். ‘ஷூ வேர் பண்ணு, டோரை க்ளோஸ் பண்ணு, ஹேண்ட் வாஷ் பண்ணிட்டு வா.’ இதில் தமிழ் என்று இருப்பது பண்ணு, வா இரண்டும்தான். பஸ், டிக்கெட் போன்ற பெயர்ச்சொற்கள் கலந்தால் பெரிய நட்டமில்லை, ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். வினைச்சொற்களை மீட்டுவிடுங்கள்: மாட்டு, மூடு, திற, இரு, வெட்டு, தூக்கு, நகர்த்து. முப்பது வினைச்சொல் பழக்கத்துக்கு வந்தால் பேச்சின் நிறமே மாறும். ‘வாஷ்’ என்ற ஒரே சொல்லுக்கு நம்மிடம் எத்தனை இருக்கிறது பாருங்கள். கையைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம், பாத்திரத்தைத் தேய்க்கிறோம் அல்லது விளக்குகிறோம், அரிசியைக் களைகிறோம், கூந்தலை அலசுகிறோம். இவற்றை அட்டையில் எழுதிச் சொல்லித்தர வேண்டாம். சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாலே வந்துவிடும்.

கேள்வி: மகனின் மழலையர் பள்ளி ஆசிரியை, வீட்டிலும் ஜெர்மன் பேசுங்கள் என்கிறார். வகுப்பில் அவன் வாயே திறப்பதில்லையாம். (பெர்ன்)

புதிய மொழிக்குள் போகும் பிள்ளைகள் பலர் முதல் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அது நோயல்ல. வீட்டில் நீங்கள் தட்டுத்தடுமாறிப் பேசும் ஜெர்மன் அதைச் சரிசெய்யாது. கதையும் காரணமும் சண்டையும் சமாதானமும் முழு வாக்கியங்களில் வரும் ஒரு மொழி பிள்ளைக்கு வேண்டும். உங்களால் அப்படிக் கொடுக்க முடிவது தமிழைத்தான். ஆசிரியையிடம் மறுத்துப் பேச வேண்டியதில்லை. ‘வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறான். அடுத்த வாரம் வகுப்பில் என்ன கதை என்று சொல்லுங்கள், நாங்கள் முன்கூட்டியே தமிழில் சொல்லி அனுப்புகிறோம்’ என்று கேளுங்கள். கதை தெரிந்து போகும் பிள்ளை புதிய மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தமிழிலும் அவன் பேச்சு தயங்குகிறது என்றால் அது வேறு விஷயம். இரண்டு வயதில் இரு மொழியையும் சேர்த்து எண்ணி ஐம்பது சொல்லுக்குக் குறைவாக இருந்தாலோ, ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ போல இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். போகும்போது வீட்டில் அவன் தமிழ் பேசும் பத்து நிமிடப் பதிவை எடுத்துச் செல்லுங்கள். ஜெர்மனை மட்டும் சோதித்தால் பாதிப் பிள்ளையைத்தான் சோதித்ததாகும். இருமொழியால் பேச்சு தாமதமாவதில்லை. உண்மையான பேச்சுக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும்.

கேள்வி: சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வருடமாகப் போகிறான். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. 247 எழுத்தைப் பார்த்தாலே ஓடுகிறான். வீட்டில் எப்படி உதவுவது? (நியூ ஜெர்சி)

முதலில் நேரக் கணக்கு. வாரம் இரண்டு மணி நேரம், வருடத்துக்கு 35 வாரம் என்றால் 70 மணி நேரம். அதில் வருகைப் பதிவு, தின்பண்ட இடைவேளை, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் போக மிஞ்சுவதைப் பாருங்கள். வீட்டில் தினம் 15 நிமிடம், வருடத்தில் 300 நாள் என்றால் 75 மணி நேரம். ஒருநாள் படித்தது மறுநாளே திரும்ப வருவதால் இந்த 75 மணிக்குப் பலன் அதிகம். பள்ளியை நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே தமிழ் பேசும் சம வயதுப் பிள்ளைகள் கிடைக்கிறார்கள், வீட்டில் நீங்கள் உண்டாக்க முடியாத பொருள் அது.

247 என்ற எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். உண்மையில் பழக வேண்டிய வடிவங்கள் ஏறத்தாழ 75. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. புள்ளியையும் துணைக்கால், கொம்பு போன்ற குறிகளையும் சேர்த்தால் எட்டு. மீதி 36 உகர ஊகார வரிசைகள். இந்த 36தான் உண்மையான மலை, அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அ, ஆ, இ என்று தொடங்குவதும் வேண்டாம். அந்த மூன்றும் எழுதக் கடினமான வளைவுகள். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் முதல் வாரமே படம், பட்டம், மடம் படித்துவிடலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாமா, பாப்பா. இகரம் வந்தால் பாட்டி, மாமி, மாடி, படி, பிடி. பிறகு த, ர, ய, க: தாத்தா, தம்பி, தயிர், மரம், கரடி. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் வேண்டாம். புதிய எழுத்து வந்த அன்றே அது முழுச் சொல்லில் வர வேண்டும்.

இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளை சறுக்கும் இடம் கெ, கே, கை. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்’. இடமிருந்து வலமாக ஒலியைக் கோத்துப் பழகியவனுக்கு இது தலைகீழ். கொ, கோ இரண்டிலும் குறி இரு பக்கமும் நின்று குழப்பும். விரலை முதலில் நடுவிலிருக்கும் எழுத்தின் மீது வைத்து, பிறகு குறிக்கு நகர்த்தப் பழக்குங்கள். இரண்டு வாரம் குறிகளைச் சிவப்பு மையிலும் எழுத்தைக் கறுப்பிலும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்த சறுக்கல் ஒலி. கடல், மகன், பக்கம், தங்கம் நான்கிலும் ஒரே ‘க’, ஒலியோ ஒன்றுபோல இல்லை. விதியை எளிதாகச் சொல்லலாம்: சொல்லின் முதலிலும் இரட்டித்தாலும் வல்லொலி, நடுவில் தனியாக வந்தாலும் மெல்லின எழுத்தை அடுத்து வந்தாலும் மெல்லொலி. ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு ‘ப’வையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான். தமிழ்ச் சொல்லின் மேல் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அழித்துவிடுங்கள். கண் அதைத்தான் படிக்கும், தமிழ் எழுத்து வெறும் அலங்காரமாகிவிடும்.

உகர வரிசையை அகரவரிசைப்படி மனப்பாடம் செய்யாமல் வடிவப்படி பிரியுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளைபவை. சு, பு, யு, வு, ஙு கீழே இறங்குபவை. து, நு, ணு, லு, று, னு, ஞு வாலை மேலே தூக்குபவை. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் தனிவழி. ஙு, ஞு போன்றவை எந்தச் சொல்லிலும் தென்படப் போவதில்லை, அவற்றுக்காக ஒரு மாலைப்பொழுதைப் பலிகொடுக்க வேண்டாம்.

படிக்கத் தொடங்கிய பின் தீனி வேண்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னைத் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படக்கதைகள் போடுகிறது. தமிழ் மட்டும் உள்ள பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், இருமொழிப் பக்கத்தில் கண் எங்கே ஓடும் என்று உங்களுக்கே தெரியும். தாத்தாவின் பழைய புத்தகங்களைக் கொடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, னா, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும்.

கேள்வி: வீட்டில் ‘போறேன், வர்றேன்’ என்கிறோம். பாடப் புத்தகத்தில் ‘செல்கிறேன், வருகிறேன்’. பிள்ளை குழம்பாமலிருக்க வீட்டிலும் நூல் தமிழிலேயே பேசலாமா? (ஹூஸ்டன்)

வேண்டாம். எழுத்துத் தமிழைத் தாய்மொழியாகப் பேசுபவர் எங்குமில்லை. உங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் ‘எனக்கு நீர் வேண்டும்’ என்று பழகிவிட்டு ஊருக்குப் போனால் அத்தை மகன்கள் நாடகம் என்று சிரிப்பார்கள், அவள் அத்தோடு பேச்சை நிறுத்துவாள். சிங்கப்பூரிலேயே 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, படித்தவர்கள் இயல்பாகப் பேசும் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது. பள்ளியில் கற்ற எழுத்துத் தமிழ் பேசும்போது உதவவில்லை, அதனால் பிள்ளைகள் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அங்கே கவலை.

ஐந்து வயது வரை படக்கதையைப் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள், அச்சில் என்ன இருந்தாலும். ஆறிலிருந்து பக்கத்தை இருக்கிறபடி வாசித்துவிட்டு, ‘என்ன ஆச்சு?’ என்று பேச்சில் கேளுங்கள். எட்டு வயதில் பாலத்தை வெளிப்படையாகவே காட்டலாம். கிறேன் ‘றேன்’ ஆகும், அவர்கள் ‘அவங்க’ ஆகும், வீட்டில் ‘வீட்ல’ ஆகும், வேண்டும் ‘வேணும்’ ஆகும். இலை வாயில் ‘எலை’ ஆகிறது, உடம்பு ‘ஒடம்பு’ ஆகிறது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு மாற்றம் தெரிந்தால் ஒரு பக்கத்தின் பெரும்பகுதி திறந்துகொள்ளும். ‘நீ எலைன்னு எழுதினது தப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள், காது நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: ஏழு வயது மகன் போனில் அம்மம்மாவை ‘நீ சாப்டியா, நீ வா’ என்கிறான். அவர் முகம் வாடிவிடுகிறது. மரியாதை தெரியாமல் வளர்க்கிறோமா? (மிசிசாகா)

மரியாதைக் குறைவு இல்லை, காதில் விழாத குறை. வீட்டில் தமிழ் பேசும் இருவரும் அவனிடம் ‘வா, போ, சாப்பிடு, எடு’ என்றுதான் பேசுகிறீர்கள். ‘நீங்க’ என்று அவனை யாரும் அழைப்பதில்லை. ஊரில் என்றால் பெரியவர்கள் தங்களுக்குள் ‘வாங்கோ, இருங்கோ’ என்று பேசுவதை நாளுக்கு நூறு தடவை கேட்டிருப்பான். கணவனும் மனைவியும் பிள்ளைகள் முன் வாரம் சில நாள் ‘நீங்க’ போட்டுப் பேசுவது நல்ல வழி, கொஞ்சம் சிரிப்பு வந்தாலும். பொம்மைக் கடை விளையாட்டில் நீங்கள் வாடிக்கையாளர், அவன் கடைக்காரன்: ‘என்ன வேணும் உங்களுக்கு? இருங்கோ, தாறன்.’ போன் செய்வதற்கு முன் இரண்டு வாக்கியத்தை ஒத்திகை பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து திருத்த வேண்டாம்.

கேட்டுக் கற்க வேண்டிய வேறு இரண்டும் இதே இடத்தில்தான் தவறுகின்றன. ‘நான் பசிக்குது’, ‘நான் தெரியாது’ என்று சொல்வது. ‘எனக்குப் பசிக்குது’ என்பது ஆங்கிலத்தில் இல்லாத அமைப்பு. ‘ஓ, உனக்குப் பசிக்குதா?’ என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துக் கொடுத்தால் போதும். இன்னொன்று நாம், நாங்கள். ‘நாங்க கடைக்குப் போவமா?’ என்று உங்களையே கேட்டால் வேறுபாடு கரைகிறது என்று பொருள். ‘நாங்க போறம், நீ வீட்ல இரு’ என்று விளையாட்டாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மறக்கமாட்டான்.

கேள்வி: மனைவி யாழ்ப்பாணம், நான் மதுரை. எந்தத் தமிழைப் பிள்ளைக்குக் கொடுப்பது? (லண்டன்)

இரண்டையும். நீங்கள் ‘பேசு’ என்னுங்கள், அவர் ‘கதை’ என்னட்டும். உங்களுக்குப் புரியவில்லை, அவருக்கு விளங்கேல்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஏற்றபடி பேசிக்கொள்வார்கள். எழுத்துத் தமிழ் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் பேச்சை மற்றவர் கேலி செய்தால் மட்டும் பிரச்சினை.

கேள்வி: மனைவிக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் பொதுமொழி டச்சு. நான் ஒருவன் பேசினால் போதுமா? (ஆண்ட்வெர்ப்)

உங்கள் பகுதியிலேயே நல்ல ஆய்வு ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களின் மொழிப் பழக்கத்தைக் கேட்டு அன்னிக் டி ஹௌவர் 2007இல் வெளியிட்டது. பெற்றோர் இருவரும் வீட்டில் சிறுபான்மை மொழி மட்டும் பேசிய குடும்பங்களில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். ஒருவர் ஒரு மொழி, மற்றவர் மற்றது என்று இருந்த வீடுகளில் நான்கில் மூன்று. ஒருவர் டச்சு மட்டும், மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய வீடுகளில் அது 36 சதவீதமாக இறங்கியது. உங்கள் வீடு நடு வகையாகவோ கடைசி வகையாகவோ ஆவது உங்கள் கையில். பிள்ளையிடம் நேராகப் பேசும்போது, மனைவி பக்கத்தில் இருந்தாலும், தமிழ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியதை ஒரு வரியில் டச்சில் சொல்லிவிடலாம். மனைவி ஐம்பது சொல் கற்றுக்கொண்டால் இந்தச் சங்கடம் பாதியாகும். தினமும் தனியாக இருக்கும் ஒரு நேரம் நிச்சயம் வேண்டும்: குளிப்பாட்டுவது, பள்ளிக்கு நடப்பது, தூங்கவைப்பது, எதுவானாலும்.

கேள்வி: தினம் இரண்டு மணி நேரம் தமிழ்க் கார்ட்டூன் போடுகிறோம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒன்றும் ஏறவில்லை. (துபாய்)

ஏறாது. பெட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் பேசிக் காட்டியபோது அதன் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்களை வீடியோவில் பார்த்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. பத்து நிமிடம் போட்டு, நடுவில் நிறுத்தி நீங்கள் பேசினால் கொஞ்சம் பயன் உண்டு. பாட்டியோடு வீடியோ அழைப்பு வேறு கதை, அங்கே பதில் பேச ஆள் இருக்கிறார்.

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. முதலில் இங்கத்திய மொழி வரட்டும், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சின்ன வயதில் கேட்டது எப்படியும் உள்ளே இருக்கும்தானே? (பாரிஸ்)

அப்படி நம்ப வேண்டாம். கொரியாவில் பிறந்து 3 முதல் 8 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களானபின் கிறிஸ்தோஃப் பாலியே குழு சோதித்தது (2003). கொரிய வாக்கியங்களை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, மூளைப் படத்திலும் வேறுபாடு தென்படவில்லை. எட்டு வயது வரை பேசிய மொழியும் முழுதாகத் துடைபடலாம். பன்னிரண்டு வயதுக்குப் பின் வெளிநாடு போகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மூன்றரை வயதில் விட்டால் பிறகு அது தாய்மொழியாக வராது, படித்துக் கற்கும் பாடமாகத்தான் வரும். பிரெஞ்சு பள்ளியில் தானாக வந்துவிடும்.

கேள்வி: பதின்மூன்று வயது மகன் தமிழ் வகுப்பு வேண்டாம் என்கிறான். (சிட்னி)

அவன் கையில் இருப்பது அணிலும் ஆடும் உள்ள இரண்டாம் நிலைப் புத்தகமாக இருந்தால் அவன் சொல்வது நியாயம். மொழி நிலை தாழ்ந்திருந்தாலும் விஷயம் அவன் வயதுக்கு வேண்டும்: கிரிக்கெட் வர்ணனை, சினிமா விமர்சனம், செய்தித் துணுக்கு. போனில் தமிழ் விசைப்பலகையை நிறுவி, உறவினர் குழுவில் தினம் ஒரு வரி தட்டச்சட்டும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாறும் முறை வேகமானது, ஆனால் ழ, ள, ல வேறுபாட்டைக் கருவியே ஊகித்துவிடும். தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை பழகினால் எழுத்து மனதில் நிற்கும். ஐபோனில் உள்ளேயே இருக்கிறது.

தேர்வு என்ற தூண்டிலும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளி இறுதித் தேர்வுகளான நியூ சவுத் வேல்ஸின் ஹெச்.எஸ்.சி.யிலும் விக்டோரியாவின் வி.சி.இ.யிலும் தமிழ் ஒரு பாடம். வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்குச் சென்னைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. ஒரு வருடம் இடைவெளி கேட்டால் கொடுங்கள், வீட்டில் பேச்சு நிற்காது என்ற ஒரே ஒப்பந்தத்தோடு.

கேள்வி: ஆறு வாரம் ஊருக்கு வருகிறோம். உருப்படியாக எப்படிப் பயன்படுத்துவது? (சான் ஹோசே)

ஊரிலுள்ள பெரிய பிள்ளைகள் உங்கள் மகனிடம் தங்கள் இங்கிலீஷைத்தான் பழகிப் பார்ப்பார்கள், அது பெரிய இடைஞ்சல். நான்கைந்து வயதுச் சிறுவர்களோடு விடுங்கள், அவர்களுக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. தினம் காலை அண்ணாச்சி கடைக்குத் தனியாக அனுப்புங்கள். அரைக் கிலோ தக்காளி, ஒரு கட்டு கொத்தமல்லி, மீதிச் சில்லறை என்று கேட்டு வாங்கி வரட்டும். நான்கு நாளைக்குள் கடைக்காரரே பேச்சுக் கொடுப்பார். முதல் பத்து நாள் அவன் பேசாவிட்டால் பதற வேண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் திறப்பது வழக்கம். திரும்பி வந்து இரண்டு மாதத்தில் பாதி போய்விடும். எனவே கிளம்புவதற்கு முன், அவன் சேர்ந்து விளையாடிய ஒரே ஒரு பிள்ளையோடு வாராவாரம் அழைப்புக்கு நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் சனிக்கிழமை இரவு எட்டு மணி அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளியும் இருக்காது.